நான்கு மாலையும் ஒரு மலையும்

ருக்மணியின் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் சிலேட்டைப் பார்க்க வேண்டும். வாசற்கதவில் ஆணியடித்துத் தொங்கும் அந்தச் சிலேட்டில் 'பாட்டு ஓடுகிறது' என்று எழுதியிருந்தால் கதவைத் தட்டக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, சைக்கிள் மணி அடிக்கக் கூடாது. ரவிக்கைத் துணியோடு வந்தவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். சிலேட்டு வெறுமனே இருந்தால் தாராளமாக உள்ளே போகலாம். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே, "வாங்கக்கா, உக்காருங்க" என்பாள் ருக்மணி.

மலாக்காவின் காஜா பெராங்கில் அப்படிச் சிலேட்டு மாட்டிய வீடு அது ஒன்றுதான். மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து மூன்றாவது வருஷம். துரைமார்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். ருக்மணியின் கணவன் நல்லையாவுக்கு வீடுகளுக்கு மின்சார வயர் இழுக்கிற வேலை. கப்பல் ஏறப்போகும் தோட்டத்து மானேஜர் ஒருவரின் பங்களாவில் விசிறிகளைக் கழற்றப் போனவன், கூலியோடு கூலியாக ஒரு டேப் ரிக்கார்டரையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். சூட்கேஸ் அளவில் இருந்தது. இரண்டு சக்கரம், ஒரு மைக், சத்தம் வந்தால் சுருங்குகிற ஒரு பச்சைக் கண்.

"இது எதுக்கு?" என்று கேட்டாள் அவன் அம்மா சாரதாம்பாள்.

"ருக்குவுக்கு."

"பொண்டாட்டிக்குப் புடவை வாங்குவாங்க, வளையல் வாங்குவாங்க. நீ பெட்டி வாங்கியாந்திருக்கே" என்றாள் சாரதாம்பாள். ஆனால் அன்று சாயங்காலமே தன் குரலை அதில் கேட்டுவிட்டு, "இது நான் இல்லே" என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனவளும் அவள்தான்.

ருக்மணிக்கு யாரும் சங்கீதம் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் பிறந்து வளர்ந்தது புக்கிட் காதிலில்; மலாயில் புக்கிட் என்றால் மலை. அங்கே பஜனை மடத்தில் ஓர் ஆர்மோனியம் கிடந்தது. வெள்ளிக்கிழமைகளில் மடத்தைக் கழுவிவிடும் முறை அவர்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், தரை காயும்வரை அதை நோண்டிக்கொண்டிருப்பாள். ஸ்வரங்களின் பெயர் தெரியாததால் தானாகவே பெயர் வைத்துக்கொண்டாள். ஒரு கட்டை அழுகிற கட்டை, ஒன்று முறைக்கிற கட்டை. எல்லாப் பாட்டும் கடைசியில் வந்து இளைப்பாறுகிற கறுப்புக் கட்டை ஒன்று உண்டு; அதற்கு உட்காருகிற கட்டை என்று பெயர். கல்யாணமாகி வந்தபோது தையல் மெஷினோடு பழைய ஆர்மோனியம் ஒன்றும் கூட வந்தது. பகலெல்லாம் தையல் மெஷினை மிதிக்கும்போது மனசுக்குள் மெட்டு ஓடும். மிதியை நிறுத்தியதும் வாசித்துப் பார்ப்பாள்.

கல்யாண வீடுகளில் வாசிக்கவும் கூப்பிடுவார்கள். ஒலிபெருக்கியில் பாடுகிறவர் பெயரைச் சொல்வார்கள், மிருதங்கக்காரர் பெயரைச் சொல்வார்கள், மைக் செட் கடையின் பெயரைக்கூட இரண்டு தடவை சொல்வார்கள். ருக்மணியின் பெயர் வராது. வீட்டுக்கு வந்து நல்லையாவிடம், "மைக் கம்பத்துக்கு மட்டுந்தாங்க இன்னும் பேர் சொல்லல" என்பாள் சிரித்துக்கொண்டே. சிரிப்பு பாதிதான் சிரிப்பு என்பது அவனுக்குத் தெரியும்.

அதனால்தான் சிங்கப்பூரில் தமிழ் இசைத்தட்டுப் போடும் கம்பெனி ஒன்றுக்கு, தானே மெட்டுப் போட்டுப் பாடிய நாலு பாட்டை டேப்பில் பதிந்து அனுப்பினாள். பக்கத்துக்கு இரண்டாக நாலு பாட்டு அடங்கிய சின்னத் தட்டு. நடுவில் ஒட்டுகிற காகிதத்தில் வட்டமாக 'இசை: ருக்மணி' என்று அச்சாகும். தலைதீபாவளிப் புடவைக்குக்கூட அவள் இப்படி ஆசைப்பட்டதில்லை.

கம்பெனியின் மாணிக்கவாசகம் என்பவர் பதில் எழுதியிருந்தார்: 'அம்மையீர், இசை நன்று. எல்லாம் ஒரே சுருதி. குரல் வேண்டாம். வேறு குரலில் பதிந்து ஆகஸ்டு இருபதாம் தேதி சனிக்கிழமைக்குள் கிடைத்தால் தீபாவளித் தட்டுகளோடு சேர்ப்போம். அதன் பிறகு வருவதை நாங்கள் கேட்பதில்லை.'

"குரல் வேண்டாமாம்" என்று ருக்மணி உரக்கப் படித்துக் காட்டினாள்.

"நான் சொன்னா மாமியாக்காரி சொல்றான்னு ஆகும்" என்றாள் சாரதாம்பாள். "அந்த ஆளுக்குப் புண்ணியம்."

குரல் செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பில் கிடைத்தது. கூப்பிடு தூரம்தான். மலாக்காச் செட்டிகள் எத்தனையோ தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்த தமிழர்கள்; கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். அங்கே மாரியம்மன் திருவிழாவில், கெபாயாச் சட்டையும் சாரோங்கும் கட்டிய பெண்ணொருத்தி மலாய்ப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டாள். ருக்மணியின் கையிலிருந்த தேங்காய்மூடி அப்படியே நின்றுவிட்டது. தேன், குயில் என்றெல்லாம் சொல்ல அவளுக்கு வராது. நல்ல கத்தரிக்கோல் பட்டுத்துணியில் போகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பெண் பெயர் கோகிலா. பலகாரம் செய்து காலையில் பாசாரில், அதாவது சந்தையில், விற்பவள். தமிழில் அம்மா, சாமி, பொங்கல் தெரியும். அதோடு சரி.

"தமிழா? எனக்குத் தெரியாதே அக்கா" என்றாள் மலாயில்.

"பரவாயில்லை. எழுதித் தர்றோம்" என்றாள் ருக்மணி, பாசாரில் பேசுகிற அரைகுறை மலாயில்.

எழுதும் வேலை நல்லையாவுடையது. நாலு பாட்டையும் ரூமியில், அதாவது மலாய்க்காரர்கள் எழுதுகிற ஆங்கில எழுத்தில், அழகாக எழுதிக் கொடுத்தான். ஒன்பது நாள் ஒத்திகை நடந்தது. கோகிலாவுக்கு மெட்டு ஒரே தடவையில் வந்துவிடும். சொற்களுக்குத்தான் காகிதம் வேண்டும்.

அப்புறம் பதிவு. வீட்டில் பதிவு செய்வதென்றால் ஏதோ ஸ்விட்சைத் தட்டுவது என்று நினைக்கக் கூடாது. ஜன்னலுக்குப் பஞ்சு மெத்தை. கதவிடுக்குக்குச் சாக்கு. எதிர்வீட்டுப் பொன்னையாவின் சேவலுக்குக் கூடை. கூடைக்கு மேல் கம்பளி. குழாயை இறுக்கி அடைத்தும் சொட்டியதால் அதற்குக் கீழே ஒரு துணி. தகரக் கூரை என்பதால் மழை வந்தால் கடையைக் கட்ட வேண்டியதுதான். ரொட்டிக்காரரின் ஹார்ன் நாலு மணிக்கு. இத்தனையையும் சமாளித்துத் தாலாட்டுப் பாட்டைப் பாதி தாண்டியபோது, பத்து பெரெண்டாம் விமான நிலையத்தில் இறங்கப்போன விமானம் ஒன்று கூரையை உரசுகிற மாதிரிப் போயிற்று. கோகிலா பாட்டை நிறுத்தாமல் முடித்தாள். முடித்துவிட்டு, விமானம் போன திசையைப் பார்த்து மலாயில் ஏதோ சொன்னாள். ருக்மணி அதை மட்டும் டேப்பிலிருந்து அழிக்கச் சொன்னாள்.

தாலாட்டை மறுபடி பாடினார்கள். புதன்கிழமை நாலும் முடிந்தது. வியாழன் காலை, கோகிலா குடும்பத்தோடு மூவாருக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டாள். திரும்ப நாலு நாளாகும். வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, சிங்கப்பூருக்கு டாக்சி ஓட்டும் சேதுபதி வந்து டேப்பை வாங்கிக்கொண்டு போய் மறுநாள் கம்பெனியில் கொடுப்பதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, செமாபோக்கில் மகள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்த சாரதாம்பாள் பையும் கையுமாக வந்து இறங்கினாள். அரைநாள் லீவு போட்டிருந்த நல்லையா, "அம்மா, கேளுங்க" என்று பெருமையாக முதல் பாட்டைப் போட்டான்.

மாலை வந்தது என் வாசலிலே – தன்
மஞ்சள் சேலையை உலர்த்திடவே

ருக்மணி எழுதியது இது. சாரதாம்பாள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டாள்.

"யாரு வந்துச்சுன்னு பாடுறா?"

"மாலை, அத்தை."

"மலைன்னுல்ல பாடுறா."

"மாலைதான் அத்தை."

"ஏம்மா, மூட்டுதான் வலிக்குது எனக்கு. காது நல்லாத்தான் இருக்கு. போடு மறுக்கா."

மறுபடி போட்டார்கள். இந்தத் தடவை ருக்மணிக்கும் கேட்டது. ஒரு தடவை கேட்டுவிட்டால் அப்புறம் கேட்காமல் இருக்க முடியாது. 'மலை' என்றுதான் பாடியிருந்தாள் கோகிலா. 'ம'வில் மிச்சமான நீட்டத்தையெல்லாம் 'லை'யில் சேர்த்து, குழைந்து குழைந்து, ஐந்து தடவை. அவ்வளவு அழகாக ஒரு மலை வாசலுக்கு வந்ததே கிடையாது.

"எங்கேருந்து வந்துச்சு மலை? புக்கிட் காதில்லேருந்து உங்கம்மா அனுப்பிச்சு விட்டாங்களா?" என்றாள் சாரதாம்பாள். "அதுவும் சேலை கட்டிக்கிட்டு வருது. அதுக்கு ரவிக்கை தைக்க நீதான் ஏணி வச்சு அளவெடுக்கணும்."

நல்லையா ஓடிப்போய்க் காகிதத்தை எடுத்து வந்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது அவன் கண்ணுக்கு.

"மாலைக்கு ரெண்டு இங்கிலீஷ் 'ஏ' போட்டிருக்கணுங்க" என்றாள் ருக்மணி. குரல் சின்னதாகிவிட்டது.

"மலாயில யாரு ரெண்டு போடுறா? பாசார்னு எழுத ரெண்டா போடுறோம்? ஒண்ணுதானே."

"இது மலாய் இல்லீங்களே."

ஒத்திகையில் ருக்மணி கூடவே பாடினாள். அதனால் கோகிலாவும் சரியாகப் பாடினாள். பதிவின்போது ருக்மணியின் கை ஆர்மோனியத்தில், கண் பச்சைக் கண்ணில். தான் எழுதிய பாட்டு என்பதால் அவள் காது, வராத நெடிலைத் தானே போட்டுக் கேட்டுக்கொண்டது. கோகிலா காகிதத்தில் இருந்ததைப் பாடினாள். அவள்மேல் என்ன குற்றம்?

"அப்படியே அனுப்பிடலாமா?" என்றான் நல்லையா. "கவிதைன்னு நினைச்சுக்குவாங்க."

"உங்கம்மாவுக்கே கேட்டுடுச்சு. அவங்களுக்குக் கேக்காதா?"

"அதென்ன, 'உங்கம்மாவுக்கே'?" என்றாள் சாரதாம்பாள்.

"உங்களைத்தான் சொன்னேன் அத்தை. மரியாதையாத்தான்."

ருக்மணி தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மணி பதினொன்றரை. கோகிலா மூவாரில். தன் குரலை அந்தக் கம்பெனி வேண்டாமென்றுவிட்டது. இன்று போகாவிட்டால் அவர்கள் கேட்பதில்லை. மலையோடு போனால் கேட்பார்கள், கேட்டுச் சிரிப்பார்கள். 'இசை: ருக்மணி' என்ற வட்ட எழுத்து கண்ணெதிரே கழன்று போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு 'மா'. உலகத்தில் எத்தனை 'மா' கிடக்கிறது! கோகிலாவின் வாயிலிருந்து ஒரு 'மா' வேண்டும், அதுதான்.

சட்டென்று எழுந்தாள். "விமானம் வந்த டேப்பு எங்கேங்க?"

"அழிச்சுட்டு வேற பதியலாம்னு வச்சிருக்கேன்."

"அழிச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்லே."

தாலாட்டில் 'அம்மா வருவாள்' என்ற அடி திரும்பத் திரும்ப வரும். மாரியம்மன் கோயிலில் 'அம்மா தாயே' என்று கேட்டு வளர்ந்த வாய். அந்தச் சொல்லை மட்டும் கோகிலா காகிதமே பார்க்காமல் நிறைவாகப் பாடியிருந்தாள். அந்த 'அம்மா'வின் 'மா'வை வெட்டி 'லை'க்கு முன்னால் ஒட்டினால்?

"சுருதி சேருமா?" என்றான் நல்லையா.

ருக்மணிக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாம் ஒரே சுருதி என்று மாணிக்கவாசகம் குறை சொன்னாரே! தாலாட்டும் உட்காருகிற கட்டையில்தான் உட்காரும், மாலையும் அங்கேயிருந்துதான் கிளம்பும். கூட ஒலிப்பதும் ஆர்மோனியம் மட்டும்.

"சேரும்" என்றாள். "வேற எதுவும் எனக்குத் தெரியாதே."

வேலை ஆரம்பித்தது. சக்கரங்களைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் உருட்டுவான் நல்லையா. கோகிலாவின் குரல் எருமை கனைப்பதுபோல் வரும். 'மா' தொடங்குகிற இடத்தில் ருக்மணி "நிறுத்துங்க" என்பாள். தையல் சாக்குக்கட்டியால் டேப்பின் முதுகில் ஒரு கோடு. முடிகிற இடத்தில் இன்னொரு கோடு. அப்புறம் பிளேடால் சாய்வாக ஒரு வெட்டு. சாய்வாக வெட்டினால்தான் ஒட்டிய இடம் தட்டாது. ரவிக்கைக்குப் பட்டி ஒட்டுப்போடுகிறவளுக்கு இது சொல்லித் தரவேண்டிய சங்கதி இல்லை. நாலு விரல் நீளம் ஒரு 'மா'. குட்டை 'ம'வை எடுத்து எறிந்து, இழுத்த 'லை'யில் இரண்டு விரல் குறைத்து, நடுவில் இதை வைத்து, ஒட்டும் நாடாவை நகத்தால் தேய்த்தாள்.

போட்டுப் பார்த்தார்கள். மாலை வந்தது.

சாரதாம்பாள், "இப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சிலேட்டில் 'பாட்டு ஓடுகிறது' என்று தானே எழுதினாள். துணியோடு வந்த இரண்டு பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்.

இரண்டாவது மாலை ஒரு மணிக்கு வந்தது. மூன்றாவது ஒன்றேமுக்காலுக்கு. நாலாவதை ஒட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் சேதுபதியின் ஹார்ன்.

"அக்கா! ரெடியா? வண்டியில ஆளு இருக்கு லா!"

சாரதாம்பாள் வெளியே போனாள். "வா தம்பி. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் சித்தி."

"என்ன சாப்பிட்டே, மூஞ்சி வாடிக் கிடக்கு. ரெண்டு வாய் சாப்பிட்டுப் போ."

சேதுபதி சாப்பிட்டான். ரசம் ஊற்றினாள். மறுபடி ரசம் ஊற்றினாள். டாக்சியிலிருந்த சீனக் கிழவர் ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னவோ கேட்டார். அவருக்கும் ஒரு தட்டில் வடை போயிற்று.

உள்ளே ஐந்தாவது 'மா'வுக்குத் தேடினார்கள். இல்லை. விமானம் வருவதற்கு முன்னால் கோகிலா சுத்தமாகப் பாடியது நாலு அம்மாதான். ஐந்தாவது அம்மாவுக்கு அடியில் ஓர் உறுமல் ஓடியது. அதை ஒட்டினால் மாலை விமானத்தில் வந்து இறங்கும்.

"நல்ல தாலாட்டுலேருந்து ஒண்ணு எடுத்துடலாம்" என்றான் நல்லையா.

"ஒரு ரவிக்கையைக் கிழிச்சு இன்னொண்ணுக்குக் கை வைக்கிறதா? வேண்டாங்க."

"அப்ப கடைசி அடியையே வெட்டிடலாமா?"

"பாட்டு உட்காராம நிக்குமே."

வெளியே சேதுபதி ஏப்பம் விடுவது கேட்டது. ருக்மணி பிளேடைக் கீழே வைத்தாள். "நாலு தடவை மாலை வந்தாச்சு. அஞ்சாவது என்ன வந்தாலும் மாலைன்னே கேப்பாங்க. எனக்கே கேட்டுச்சே. குடுத்துடுங்க."

டேப் போயிற்று. அதன் பிறகு பதினோரு நாள், ருக்மணி தைத்ததில் இரண்டு ரவிக்கைக்குக் கை மாறிப் போயிற்று.

திங்கட்கிழமை கோகிலா திரும்பி வந்ததும் விஷயத்தைச் சொன்னார்கள். மலை என்றால் புக்கிட், மாலை என்றால் பெத்தாங் என்று ருக்மணி விளக்கியதும் அவள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள்; அப்புறம் கோபித்துக்கொண்டாள்.

"எனக்கு ஏன் அர்த்தம் சொல்லலே? நான் என்ன ரேடியோப் பெட்டியா? சொல்லியிருந்தா புக்கிட்டை வாசலுக்குக் கூப்பிட்டிருப்பேனா?"

ஒன்பது நாள் பாட வைத்தோம், ஒரு நாள்கூட என்ன பாடுகிறாய் என்று சொல்லவில்லையே என்று ருக்மணிக்கு வெட்கமாக இருந்தது. பாட்டு முழுவதையும் உட்கார்ந்து மலாயில் சொன்னாள். கோகிலா கவனமாகக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"பெத்தாங் எல்லார் வீட்டுக்கும் தினந்தினம் வருது அக்கா. அதுல என்ன பாட்டு? புக்கிட் வந்தாத்தான் பாட்டு."

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. 'அம்மையீர், தட்டுப் போடுகிறோம். குரல் மிக நன்று. முதல் பாட்டின் கடைசி அடியில் மாலை சற்றுக் குறைந்து ஒலிக்கிறது. காலம் இல்லாததால் அப்படியே விடுகிறோம். அடுத்த நாலு பாட்டையும் இந்த அம்மாளையே பாடச் செய்யவும்.' ருக்மணி அதை மூன்று தடவை படித்தாள். நான்காவது தடவை நல்லையா படிக்க, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சேதுபதி ஆறு தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தான். கறுப்பு வட்டம், நடுவில் சிவப்புக் காகிதம். 'பாடியவர்: கோகிலா. இசை: ருக்மணி.' வட்டமாகத்தான் அச்சடித்திருந்தார்கள். ருக்மணி தட்டைக் கையில் சுற்றிச் சுற்றிப் படித்தாள். கோகிலா தன் பெயர் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் மேல் விரலை வைத்தபடியே இருந்தாள். தட்டை ஓட்டிக் கேட்க வீட்டில் கிராமபோன் இல்லை என்பது அப்புறந்தான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

"பொன்னையா வீட்டுல ரேடியோகிராம் இருக்கு" என்று சொல்லிவிட்டு சாரதாம்பாள் முதல் ஆளாகத் தட்டை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். பொன்னையா வீட்டுக்காரர்கள் எல்லாரையும் உட்கார வைத்தார்கள். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் வாசலில் வந்து நின்றார்கள். பொன்னையா தட்டைத் துடைத்து வைத்து ஊசியை இறக்கினார்.

மாலை வந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். "நம்ம ருக்மணி போட்டதா? அட!" என்றார் பொன்னையா. இரண்டாவது மாலையும் மூன்றாவது மாலையும் வந்தன. நாலாவதுக்கு வாசலில் நின்ற ஒரு பெண் கூடவே முணுமுணுத்தாள். ருக்மணி முந்தானை நுனியை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். ஐந்தாவதுக்கு ஆர்மோனியம் இறங்கி வந்து, உட்காருகிற கட்டையைத் தொட்டது.

தட்டில் கோகிலாவின் குரல் எழுகிற அந்த நொடியில், சாரதாம்பாளுக்கு இருமல் வந்தது. கூரைத் தகரம் அதிர்கிற மாதிரி ஓர் இருமல், தொடர்ந்து இன்னொன்று. பொன்னையாவின் மனைவி தண்ணீர் எடுக்க ஓடினாள்.

"... வந்தது என் வாசலிலே" என்று பாட்டு முடிந்தது.

"மேலே போடுங்க பொன்னையா" என்றாள் சாரதாம்பாள், தெளிந்த தொண்டையோடு. "அடுத்த பாட்டு இதைவிட நல்லா இருக்கும்."